முகவரி இல்லாத காவல்காரன்

அத்தியாயம் 6

*பை, பொட்டலம், சாப்பாட்டுப் பாத்திரம் எதுவானாலும், உள்ளே வந்தாலும் வெளியே போனாலும், முழுதாகப் பிரித்துப் பார்க்கப்படும். – நிர்வாகம்.*
(அலைகோடி கடல் உணவு நிறுவனத்தின் வாசல் பலகையிலிருந்து)

காவலாளி இஃப்திகார் கூத்தையாவின் தூக்குவாளியைத் திறந்து, உள்ளே கரண்டிக் காம்பை விட்டுக் கிளறிப் பார்த்தார்.

"புளிச்சோறுண்ணே. அடியில துப்பாக்கி எதுவும் இல்ல. ஒரு கருவாட்டுத் துண்டு கிடக்கு, அது மட்டும் கொஞ்சம் ஆபத்து," என்றான் கூத்தையா.

இஃப்திகார் சிரிக்கவில்லை. பதினெட்டு வருடம் மற்றவர்களின் சோற்றைக் கிளறியவருக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்? வாளியை மூடிக் கொடுத்துவிட்டுச் சண்முகவள்ளியின் கைப்பையைக் கேட்டார்.

இராமநாதபுரத்தில் 'சண்முகவள்ளி துப்பறியும் நிலையம்' என்று ஒரு பலகை உண்டு. நிலையம் என்பது இரண்டே ஆட்கள். சண்முகவள்ளி, காப்பீட்டுக் கம்பெனியில் பதினைந்து வருடம் பொய்க் காயங்களைக் கண்டுபிடித்து அலுத்தவள். கூத்தையா, கேபிள் டிவிக்கும் பிறகு இன்டர்நெட்டுக்கும் மாவட்டம் பூராவும் வயர் இழுத்தவன். வாயை மூடத் தெரியாத காரணத்தால் இரண்டு வேலையையும் இழந்தவன்.

முதலாளி ராமசுப்பிரமணியன் தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி நேராக விஷயத்துக்கு வந்தார்.

"புதுமடத்துல எங்க கரை நிலையம் இருக்கு. வாங்குற நண்டெல்லாம் அங்கன அவிச்சுப் பெட்டி போட்டு இங்க வரும். பொறுப்பு காஜா நவாஸ். அவர் எதுன்னாலும் எங்க சொந்தச் செய்திப் பெட்டியில எழுதி அனுப்பணும். இங்க லத்தீபான்னு ஒரு பொண்ணு வாங்கி என்கிட்டக் குடுக்கணும். போன், வாட்ஸப் ஒண்ணும் கிடையாது. எல்லாம் எழுத்துல இருக்கணும், அது என் கொள்கை."

"சரி."

"மூணு மாசமா அவர் அனுப்புனதுல பாதி வரல. போன மாசம் ஐஸ் நின்னு நண்டு கெட்டுப் போச்சு, பெட்டியக் கப்பலேத்தாதீங்கன்னு எழுதியிருக்கார். அது வரல. கப்பலேத்துனோம். போன நாட்டுலருந்து அப்படியே திரும்பி வந்துருச்சு. லத்தீபா காஜாவுக்குச் சொந்தம். அவர் தப்பு வெளிய வரக் கூடாதுன்னு இவ அழிச்சிருக்கா. நாலு மணிக்கு வக்கீல் வாரார். புகார் எழுதியாச்சு, போலீஸ்ல குடுக்க வேண்டியதுதான் பாக்கி."

"அப்ப எங்களுக்கு என்ன வேலை சார்?"

"எப்படி அழிச்சான்னு சொல்லணும். அழிச்சாளான்னு நான் கேக்கல."

கூத்தையா தொண்டையைச் செருமினான். "விடைத்தாள திருத்தியாச்சு, இனி கேள்வி எழுதணும். அப்படித்தானே சார்?"

மணி பதினொன்று பத்து.

லத்தீபாவை மேசையிலிருந்து எழுப்பி, காவலாளிக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் தலைக்கு மேலேயே அந்த அறிவிப்புப் பலகை. அதில் புதிதாக ஒரு தாள்: லத்தீபா பணியிடை நீக்கம். வருகிறவன் போகிறவன் எல்லாம் படிக்கிற உயரத்தில் ஒட்டியிருந்தார்கள்.

"நீ அழிச்சியாம்மா?" என்று கேட்டாள் சண்முகவள்ளி.

"இல்லக்கா. வந்தா எடுத்துக் குடுப்பேன். வராதத எப்படி அழிக்க?" அவள் குரல் அமைதியாக இருந்தது. கை மட்டும் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தது. "போலீஸுக்குப் போனாக் கூட அல்லாவுக்கு வெளிச்சம்னு இருந்துருவேன். மகளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம். சொந்த மாமாவோட கடிதத்தத் தின்னவ மகள்னு சொன்னா எந்த வீட்டுலக்கா பேசுவாங்க?"

கம்ப்யூட்டரில் நுழைந்து மணிக்கணக்கில் தேடுகிற துப்பறிவாளர்களும் உண்டு. சண்முகவள்ளி இரண்டே தாள் கேட்டாள். காஜா அனுப்பியவற்றில் வந்து சேர்ந்தது ஒன்றில், சேராதது ஒன்றில். சேராதவற்றின் நகலைக் காஜாவே கொடுத்து அனுப்பியிருந்தார்; முதலாளி ஐஸ் பற்றியதைத் தாண்டி அதைப் படிக்கவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்து இரண்டையும் படித்தாள்.

வந்து சேர்ந்தவை: *ஐஸ் இல்லை. ஆள் அனுப்பவும். எத்தனை தரம் சொல்வது. காது கேட்கிறதா இல்லையா. இனி என்னைக் கேட்காதீர்கள்.*

"ரொம்பப் பாசமான ஆளு," என்றான் கூத்தையா எட்டிப் பார்த்து.

சேராதவற்றில் நாலாவதைப் படித்தபோது சண்முகவள்ளியின் விரல் நின்றது. அது புகாரும் இல்லை, நண்டும் இல்லை. மகள் மின்ஹாவின் நிக்காஹுக்கு அழைப்பு. பாட்டனார் வாவு முகம்மது தொடங்கி இரு பக்கத்துப் பெரியவர்கள் எல்லோர் பெயரும் வரிசையாக இருந்தது. காலில் கட்டுப் போட்டிருப்பதால் நேரில் வந்து அழைக்க முடியவில்லை, மன்னிக்க வேண்டும் என்று முடிந்திருந்தது.

"மாமாவ காப்பாத்த ஐஸ் கதைய அழிச்சா அதுல ஒரு நியாயம் இருக்கு. மாமா மகள் கல்யாணப் பத்திரிகைய ஏன் அழிக்கணும்?"

"பந்தியில பிரியாணி பத்தாதுன்னு பயந்துருக்கலாம்."

"ஏலே, வண்டிய எடு."

உச்சிப்புளி தாண்டும் வரை கூத்தையா தன் தங்கை ராக்குவின் கட்டில் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தான். சீர்க்கட்டில் ஐந்து துண்டாகக் கழற்றி மதுரைக்குப் போனது. மாப்பிள்ளை குடியிருக்கும் மாடிக் கட்டடத்தின் காவலாளி, துண்டு துண்டாக எதையும் உள்ளே விட முடியாது, என்ன சாமான் என்று முழுதாகக் காட்டு என்றானாம். மாட்டிக் காட்டினார்கள். சரி கட்டில்தான், போகலாம் என்றான். மாட்டிய கட்டில் லிஃப்டில் நுழையவில்லை.

"திருப்பிக் கழட்ட வேண்டியதுதானே?"

"கொண்டுபோன ஆளுக நட்டுக் கழட்டுற சாவிய எடுத்துக்கிட்டு வண்டியேறிப் போயிட்டாங்கக்கா. கட்டிலு படிக்குக் கீழ மூணு நாளு கிடந்துச்சு. மேல மச்சான், பொண்ணு வீட்டுல கட்டில் போடலன்னு மூஞ்சியத் தூக்கிட்டுத் தரையில படுத்துருக்கான். காவக்காரன் ஒரு வார்த்த சொல்லல. கேட்டா, பாக்குறதுதான் என் வேலை, சொல்றது இல்லேங்குறான். இன்னைக்கும் மச்சான் எங்கிட்டப் பேசுறதில்ல."

"மூணு மாசமா இதையே சொல்ற," என்றாள் சண்முகவள்ளி. அப்போது அவளுக்கு அந்தக் கட்டிலின் அருமை தெரியவில்லை.

காஜா நவாஸ் ஒரு காலை முக்காலியில் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். கட்டு அவிழ்த்தாயிற்று, வலி இன்னும் போகவில்லை. பின்னால் அவிந்த நண்டின் மணம். கரை நிலையமும் வீடும் ஒரே வளவுதான். நிக்காஹ் முடிந்தும் ஊர் வழக்கப்படி தாய்வீட்டிலேயே இருக்கும் மின்ஹா தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"வாங்கம்மா. உக்காருங்க. மொதல்ல குடிங்க, அப்பறம் கைது பண்ணலாம்."

"யாரையும் கைது பண்ண வரல பாய். முதலாளிக்கு எப்பவும் இப்படித்தான் வெடுக்குவெடுக்குன்னு எழுதுவீங்களா?"

அவர் முகம் சிவந்தது. "நானா? முதலாளிக்கு நான் எழுதுனா ஸலாம் சொல்லி, அவருக்கு உடம்பு எப்படி, வீட்டம்மாவுக்கு முட்டிவலி எப்படி, வயல்ல தண்ணி நிக்குதான்னு எல்லாத்தையும் கேட்டுட்டுத்தாம்மா விஷயத்துக்கு வருவேன். எங்க வாப்பா சொல்லிக் குடுத்த மொற அது. பதில் இல்ல. ரெண்டாந்தரமும் அப்படியே எழுதுவேன். பதில் இல்ல. மூணாந்தரம் கோவத்துல ஒரு வரி போடுவேன். அதுக்கு மட்டும் உடனே பதில் வரும், 'மரியாதையாக எழுதவும்'னு." அவர் தேநீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கால் ஒடஞ்சு ஒரு மாசம் கிடந்தேன். இருபது வருசப் பழக்கம். எப்படி இருக்கேன்னு அவர்கிட்டருந்து ஒரு வரி வரல."

சண்முகவள்ளி கூத்தையாவைப் பார்த்தாள். 

"பாய், இப்ப ஒண்ணு எழுதுங்க. எப்பவும் போல, மொற தவறாம."

காஜா எழுதினார். கால் மணி நேரம் ஆனது. அனுப்பியதும் திரையில் 'அனுப்பப்பட்டது' என்று வந்தது. சண்முகவள்ளி முதலாளிக்குப் போன் போட்டாள். லத்தீபாவின் மேசையில் இப்போது அவரேதான் உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணும் வரல," என்றார்.

"லத்தீபா எங்க சார்?"

"பெஞ்சுலதான். இஃப்திகார் பக்கத்துலயே இருக்கான்."

"அப்ப இத யாரு தின்னா?"

"முன்னாடியே ஏதாச்சும் வச்சுட்டுப் போயிருப்பா," என்றார் அவர். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அதே செய்தியை மூன்றாக வெட்டித் தனித்தனியே அனுப்பச் சொன்னாள். மூன்றும் சேர்ந்தன. பிறகு மின்ஹாவை உட்கார வைத்து, வாப்பா எழுதியதை ஓர் எழுத்துக் குறையாமல், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து ஒரே செய்தியாக அனுப்பச் சொன்னாள். அதுவும் சேர்ந்தது.

"நம்ம நெட்டுக்குத் தமிழ் பிடிக்கலியோ?" என்றாள் மின்ஹா.

"தமிழ் கனம் தாயி," என்றான் கூத்தையா. இது அவன் தொழில், குரலில் கொஞ்சம் பெருமை ஏறியது. "கம்ப்யூட்டருக்கு இங்கிலீஷ் எழுத்து ஒண்ணுன்னா தமிழ் எழுத்து மூணு. கொம்பு, கால் சேந்தா ஆறு. வயர்ல ஒரு பொட்டலத்துல ஆயிரத்தைநூறுதான் கொள்ளும். மிஞ்சுனா துண்டு போட்டு, துண்டுக்கு நம்பர் போட்டு அனுப்பிரும். போய்ச் சேர்ற இடத்துல ஒட்டிக்கிரும். உங்க வாப்பா ஸலாம் சொல்லி முட்டிவலி விசாரிக்கறதுக்குள்ளயே ரெண்டு பொட்டலம் ரொம்பிரும்."

"ஒரே துண்டா போறது சேருது. பல துண்டா போறது சேரல," என்றாள் சண்முகவள்ளி மெதுவாக. "அதான் வசவு சேருது, மரியாத சேரல."

மணி ஒன்று நாற்பது.

திரும்பி வந்ததும் கூத்தையா அலுவலக மாடியேறினான். புதுமடத்திலிருந்து செய்தியை அனுப்பும் தட்டு ஆன்டெனாவுக்கு எதிர்த் தட்டு அங்கேதான் இருந்தது. அதன் வயரைக் கழற்றித் தன் லேப்டாப்பில் செருகி, காஜாவை இன்னொன்று அனுப்பச் சொன்னான். மூன்று துண்டும் பொத்தென்று வந்து விழுந்தன. வயரைப் பழையபடி மாட்டிவிட்டுக் கீழே மேசையில் பார்த்தான். அடுத்து அனுப்பியது அங்கே வரவில்லை.

"மாடி வரைக்கும் வருது. மேசைக்கு வரல. நடுவுல ஒத்த வயருதான், வரைபடத்துலயும் நேர்கோடு. வழியில யாராச்சும் இருக்கீகளான்னு நெட்டுலயே கூப்புட்டுப் பாத்தேன், ஒரு பய பதில் சொல்லல. முகவரியோட ஒருத்தனும் இல்ல."

"முகவரி இல்லாம ஒருத்தன் இருக்க முடியுமா?"

"முடியும். ரெண்டு வயருக்கு நடுவுல பாலம் மாதிரி உக்காந்திருந்தா முகவரி வேணாம். இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் விடுவான், அங்கன ஒருத்தன் இருக்கதே யாருக்கும் தெரியாது." அவன் சுவரோரம் குனிந்தான். "ஒண்ணு மட்டும் இடிக்குதுக்கா. மாடியிலருந்து எறங்குறது நீல வயரு. மேசைக்கு வாரது சாம்பல் வயரு. சுவத்துக்குள்ள போனா வயரு நரைக்குமா?"

நீல வயர் மாடியிலிருந்து இறங்கி ஓர் ஓட்டைக்குள் நுழைந்தது. சாம்பல் வயர் வேறோர் ஓட்டையிலிருந்து வெளியே வந்தது. இரண்டு ஓட்டைக்கும் நடுவே இருந்த அறை முதலாளியுடையது.

மூன்றரை மணிக்கு அவர் அறைக்குள் போனார்கள். சண்முகவள்ளி உட்காரவில்லை; சுவரோரம் நின்ற இரும்பு பீரோவைக் காட்டினாள்.

"அந்த பீரோவோட சாவி யாருகிட்ட சார் இருக்கு?"

"எதுக்கு? அதுல சொந்த சாமான் இருக்கு."

"வாசல்ல சோத்துப் பாத்திரத்தையே கிளறிப் பாக்குறீங்க. அப்படிப்பட்ட ஆளு, வர்ற கடிதத்தச் சும்மா விடுவாரான்னு காலையிலயே தோணிருக்கணும் எனக்கு. புத்தி லேட்டாத்தான் வந்துச்சு. திறங்க சார்."

அவர் திறந்தார். கீழ்த்தட்டில், பட்டு வேட்டிகளுக்குப் பின்னால், சின்னதாக ஒரு கறுப்புப் பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் நீல வயர், மறுபக்கம் சாம்பல் வயர்.

"அது ஃபயர்வால்," என்றார் அவர், குரல் இறங்கி. "காவலுக்கு வச்சது. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? யார் கண்ணுக்கும் தெரியாது, முகவரியே கிடையாதுன்னு சொல்லித்தான் வித்தான்."

"எப்ப வச்சீங்க?"

"மூணு மாசம்..." என்று தொடங்கியவர் அந்தப் பச்சை விளக்கைப் பார்த்தார். 

கூத்தையா லேப்டாப்பைப் பெட்டியில் செருகி அதன் அமைப்பைப் படித்தான். "துண்டா எதையும் விடாதே, ஒட்டி முழுசாப் படிச்சுட்டுத்தான் விடணும்னு போட்டுருக்கு. யாரு போடச் சொன்னது?"

"நான்தான். துண்டு துண்டாப் போனா உள்ள என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்?"

சண்முகவள்ளி பீரோவின் மேல் கை வைத்துக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

"கூத்தையா, ராக்கு கட்டிலு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு மெதுவாகத் தலையில் கை வைத்தான். "அடப்பாவி. மாட்டிப் பாத்துட்டு, திருப்பிக் கழட்டாமலே லிஃப்டுல ஏத்தப் பாத்துருக்கான்."

"புரியல," என்றார் முதலாளி.

"காஜா பாய் எழுதுறது துண்டா வருது சார்," என்றாள் சண்முகவள்ளி. " உங்க பெட்டி எல்லாத்தையும் ஒட்டிப் படிக்குது. தப்பு ஒண்ணுமில்ல, போகலாம்னும் சொல்லிருது. ஆனா வெளிய போற வழியும் அதே ஆயிரத்தைநூறுதான். ஒட்டுனத மறுபடி துண்டு போட்டு விடணும். அந்த ஒரு வேலைய இதுல போடாம விட்டுட்டாங்க. வாசல்ல நுழையல, கீழ போட்டுருச்சு. போட்டேன்னு அனுப்புனவருக்குத் திருப்பிச் சொல்லணும்னா இதுக்கு ஒரு முகவரி வேணும். அதான் இல்லாமப் பாத்து வாங்கியிருக்கீங்களே. எப்படி அழிஞ்சுதுன்னு கேட்டீங்கல்ல, தின்னது நீங்க வச்ச காவக்காரந்தான்."

முதலாளி குனிந்து பெட்டியின் இரண்டு வயரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல ஒரு கணக்கு ஓடுது," என்றான் கூத்தையா திரையைப் பார்த்து. "பெருசா இருந்ததால கைவிட்டது. புதுமடத்துலருந்து வந்ததுல நாப்பத்தொண்ணு." நிறுத்தினான். "இங்கருந்து புதுமடத்துக்குப் போனதுல ஒண்ணு."

"இங்கருந்தா? நீங்க ஒரு வரிக்கு மேல எழுத மாட்டீங்களே சார்," என்றாள் சண்முகவள்ளி.

ராமசுப்பிரமணியன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கால் ஒடஞ்சுதுன்னு கேள்விப்பட்டு நான் எழுதுனது. லத்தீபாகிட்டக் கூடக் குடுக்காம நானே உக்காந்து அடிச்சேன். வண்டி அனுப்புறேன், மதுரையில நல்ல டாக்டர் இருக்கார், நான் கூட வாரேன்னு." கண்ணாடியைக் கழற்றினார். "பதிலே இல்ல. அதுக்கப்புறம் மகள் கல்யாணத்துக்கும் கூப்பிடல. அந்த ஆத்திரத்துலதான்..."

சண்முகவள்ளி கைப்பையிலிருந்து சேராதவற்றின் தாளை எடுத்து, நாலாவது செய்தியைக் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டி அதை இரண்டு தடவை படித்தார். வாவு முகம்மதுக்கு அடுத்த வரியில், பெண் வீட்டுப் பெரியவர்கள் பட்டியலில், தன் பெயர் இருந்ததை இரண்டாவது தடவைதான் பார்த்தார். அதன் பிறகு எழுத்து அவருக்குத் தெரியவில்லை.

நாலு மணிக்கு வக்கீல் வந்தார். ஒரு டீ குடித்துவிட்டு, எழுதிய புகாரை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

முதலாளி தானே வாசலுக்கு வந்து பலகையில் இருந்த தாளைக் கிழித்தார். லத்தீபா பெஞ்சிலிருந்து எழுந்தாள். நன்றி சொல்லவில்லை.

"கிழிச்சாப் போதாது முதலாளி. காலையிலருந்து வந்தவங்க எல்லாம் படிச்சாச்சு. அதே எடத்துல, அதே அளவுல எழுதி ஒட்டணும்."

அவர் மேசைக்குப் போய் எழுதினார். எதிர்பாராத தொழில்நுட்பக் காரணங்களினால் என்று தொடங்கி அரைப் பக்கம் போனது. லத்தீபா படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"இவ்வளவு நீளம் வேணாம். போய்ச் சேராது."

அவர் வேறு தாள் எடுத்தார். *லத்தீபா எதையும் அழிக்கவில்லை. தவறு என்னுடையது.* கீழே 'நிர்வாகம்' என்று போடப் போன பேனா நின்றது. பிறகு ராமசுப்பிரமணியன் என்று முழுப் பெயரையும் எழுதினார். லத்தீபாவே பசை தடவி ஒட்டினாள். ஒரு மூலை நிற்கவில்லை, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை.

ஐந்து மணிக்கு முதலாளி கடைத்தெருவுக்குப் போய் ஒரு பெரிய பொட்டலத்தோடு வந்தார். மின்ஹாவுக்குக் கல்யாணப் பரிசு, ஜரிகைத் தாள் சுற்றிச் சிவப்பு நாடா கட்டியது. உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு, காரில் புதுமடத்துக்குக் கிளம்புவதாக இருந்தார்.

வாசலில் இஃப்திகார் வழியை மறித்து நின்றார்.

"பொட்டலம் முதலாளி."

"இது நான்லே இஃப்திகார்."

"பலகையில உங்களுக்கு மட்டும் வேணாம்னு போடலியே."

பதினெட்டு வருடத்துக் கடமை கண்ணில் நின்றது. முதலாளி பலகையைப் பார்த்தார், தன் கையெழுத்தையும் பார்த்தார், பொட்டலத்தை நீட்டினார். இஃப்திகார் நாடாவை அவிழ்த்து, தாளைப் பிரித்து, உள்ளே இருந்த கண்ணாடிக் கிண்ணங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, போகலாம் என்று கை காட்டினார்.

பன்னிரண்டு கிண்ணமும் பெஞ்சின் மேல் பரவிக் கிடந்தன. முதலாளி வெறுங்கையோடு அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

லத்தீபா தன் மேசையிலிருந்து எழுந்து வந்து, கீழே கிடந்த சிவப்பு நாடாவை எடுத்து இஃப்திகாரின் கையில் வைத்தாள்.

"பிரிச்சுப் பாத்தீகள்ல இஃப்திகார் காக்கா, நல்லது. இனி எப்படி வந்துச்சோ அப்படியே திருப்பிக் கட்டிக் குடுங்க. மாமா வீட்டுக்குப் போற சாமான் அது."

இஃப்திகார் கரண்டிக் காம்பை ஓரமாக வைத்துவிட்டு, வேலைக்குச் சேர்ந்த பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு பொட்டலத்தைக் கட்ட உட்கார்ந்தார்.